பரப்பும் வரிசையும்: தைலவண்ண முகச்சித்திரத்தைப் பிரதி செய்தல் பற்றி

‘காப்பி’ என்ற ஒரு சொல் போதும், நம்மிடையே ஒருவரை முடித்துவிட. இந்தக் கவிதையில் இன்னாருடைய சாயல் தெரிகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அந்தக் கவிதையைப் படிக்கிற பொறுப்பு யாருக்கும் கிடையாது. சொன்னவருக்கும் கிடையாது. ஓவியத்தைப் பற்றிய பேச்சிலும் இதுதான் நடக்கிறது. சித்திரம் கற்றுக்கொள்கிற இளைஞன் ஒருவன் பழைய மேதை ஒருவரின் முகச்சித்திரத்தை எதிரில் வைத்துக்கொண்டு அதைத் தைலவண்ணத்தில் மறுபடி வரைகிறான் என்றால், அவன் இன்னும் கலைக்குள் வரவில்லை, வாசலில் நிற்கிறான் என்பது நம் முடிவு.

இதற்கு எதிர்த்தரப்பும் உண்டு. பிரதி செய்வதை ஒரு நோன்பாகவே ஆக்கிவிட்டவர்கள் அவர்கள். மூலத்தின் முன் தன்னை அழித்துக்கொள், பத்து வருஷம் நகல் எடு, பிறகு தானாக வரும் என்பார்கள். என்ன வரும், எப்படி வரும் என்று கேட்டால் அதற்குப் பதில் இருக்காது. கேட்டதே அகம்பாவம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒருவரையொருவர் வெறுக்கும் இந்த இரண்டு தரப்புமே முடிந்துபோன பரப்பை மட்டுமே பார்க்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் அந்தப் பரப்பைத் திருட்டு என்கிறார், மற்றவர் அதைப் பிரசாதம் என்கிறார். அந்தப் பரப்பு எந்த வரிசையில் உண்டாயிற்று என்ற கேள்வி இரண்டு பேருக்கும் எழவில்லை. பிரதி செய்வதால் ஒருவன் கற்றுக்கொள்ளக்கூடியது ஏதாவது இருந்தால், அது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தைலவண்ணத்தின் இயல்பே இந்தக் கேள்வியை அவசியமாக்குகிறது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் தண்ணீர் வண்ணத்தைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெதுவாக இறுகுகிறது. அதற்கு நாள்கணக்கில் ஆகும். ஆகவே ஓவியன் ஒரு படலத்தைப் பூசிவிட்டு அது இறுகக் காத்திருந்து அடுத்ததைப் பூசலாம். அடிப்பூச்சு, அதன்மேல் ஒரே நிறத்தில் ஒளியையும் நிழலையும் நிறுத்திய ஒரு வரைவு, அதன்மேல் தடித்த ஒளிப் பகுதிகள், அதற்கும் மேலே கண்ணாடிபோல அடியில் உள்ளதைக் காட்டும் மெல்லிய பூச்சு. கீழே எண்ணெய் குறைவாகவும் மேலே எண்ணெய் கூடுதலாகவும் இருக்க வேண்டும், மாறிப்போனால் மேற்படலம் வெடிக்கும் என்பது பட்டறையில் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி. மியூசியத்தில் நாம் பார்க்கும் முகம் இந்தப் படலங்கள் எல்லாவற்றின் ஊடாகவும் போய்த் திரும்பி வருகிற வெளிச்சம். நாம் அதை ஒரு நிறம் என்கிறோம்.

ஓவிய நண்பர் ஒருவர் சொன்ன உதாரணம் இது. ஐரோப்பிய முகச்சித்திரங்களில் நெற்றிப்பொட்டின் அருகில், வெளிச்சம் நிழலாக மாறுகிற இடத்தில், குளிர்ந்த, கொஞ்சம் நீலம் கலந்ததுபோன்ற ஒரு சாம்பல் நிறம் தெரியும். பிரதி செய்யத் தொடங்குகிறவன் அதைப் பார்க்கிறான். பலகையில் வெள்ளை, கறுப்பு, கொஞ்சம் நீலம் எடுத்து அந்தச் சாம்பலைக் கச்சிதமாகக் கலக்கிறான். கத்தி நுனியில் எடுத்து மூலத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் நிறம் சரியாகவே இருக்கிறது. படத்தில் வைத்ததும் முகத்தில் காயம் பட்டதுபோல் ஆகிவிடுகிறது. காரணம், மூலத்தில் அந்த நீலம் அனேகமாக வண்ணமாக இருப்பதே இல்லை. பழுப்பான அடிப்பூச்சின் மேல் தோலின் வெளிர்நிறத்தை மிக மெல்லியதாக இழுத்துவிடும்போது, அடியிலுள்ள இருட்டு அதனூடே குளிர்ந்து தெரிகிறது. தூரத்து மலை நீலமாகத் தெரிவதும் இப்படித்தான், நடுவில் இருக்கிற காற்றினால். ரூபென்ஸ் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர். பலகையில் பழுப்பும் சாம்பலும் கலந்த நீர்த்த பூச்சு ஒன்றைக் கோடுகோடாக இழுத்துவிட்டு, முகத்தின் பாதி நிழல்களில் அது தெரியும்படி பல இடங்களில் விட்டுவிடுவார்.

அதாவது அந்த நிறம் ஓவியனின் பலகையில் இருந்ததே இல்லை. அது ஒரு வரிசையின் விளைவு. எது முன்னால், எது பின்னால், எங்கே நிறுத்துவது என்ற தீர்மானங்களின் விளைவு. நிறத்தை நகல் எடுக்கிறவனுக்குக் காயம் கிடைக்கிறது. வரிசையை ஊகித்துத் திரும்பச் செய்கிறவனுக்கு நிறம் தானாகக் கிடைக்கிறது. முன்னவனை அந்தச் சொல்லின் இழிவான அர்த்தத்தில் காப்பியடிப்பவன் என்று சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பின்னவன் செய்வது வாசிப்பு. விமர்சனம் என்றும் சொல்லலாம். முடிந்த ஒன்றை, முடியாமல் இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோகிற காரியம் அது.

இங்கே குறிப்பான ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். ரஃபேல் 1514-15 வாக்கில் வரைந்த பால்தஸ்ஸாரே காஸ்திலியோனேயின் முகச்சித்திரம். இப்போது பாரிஸில் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. பெரிய படம் அல்ல, 82 சென்டிமீட்டர் உயரம், 67 அகலம். கறுப்பு, வெள்ளை, சாம்பல், அவற்றைச் சுற்றி வெதுவெதுப்பான ஒரு மங்கல் பின்னணி. தாடி வைத்த மனிதன், கறுப்புத் தொப்பி, சாம்பல்நிற ரோமம் வைத்த உடை, நம்மைப் பார்க்கும் நீலக்கண்கள், கோத்த கைகள். இவ்வளவு குறைந்த சாமான்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை இத்தனை அருகில் கொண்டுவந்த படங்கள் அதிகம் கிடையாது.

இந்தக் காஸ்திலியோனே ரஃபேலின் நண்பர். அரசவையில் இருக்கிறவன் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி அவர் எழுதிய புத்தகம் 1528இல் அச்சாயிற்று. அதில் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் ஸ்ப்ரெத்ஸாதுரா. செய்கிற காரியத்தின் பின்னால் உள்ள பிரயாசையை மறைத்து, யோசிக்காமல் செய்ததுபோல் காட்டுகிற லாகவம். உழைப்பு வெளியே தெரிந்தால் நயம் போயிற்று என்பது அவர் கட்சி. அவருடைய முகச்சித்திரமே அந்தக் கட்சிக்கு ஆதாரம்போல இருக்கிறது. எங்கே தூரிகை தயங்கிற்று, எங்கே திருத்திற்று என்று எதுவும் தெரிவதில்லை. ஆகவே இந்தப் படத்தைப் பிரதி செய்ய உட்காருகிறவன் ஒரு விதத்தில் அதற்கு எதிரி. அது எதை மறைப்பதற்காகச் செய்யப்பட்டதோ அதையே அவன் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பக்தர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்ப்ரெத்ஸாதுராவைக் கும்பிடலாம், அதைக் கும்பிட்டுக் கற்றுக்கொள்ள முடியாது.

இந்தப் படத்தை ரூபென்ஸ் பலகையில் தைலவண்ணத்தில் பிரதி செய்தார். அது லண்டனில் கோர்ட்டால்ட் காலரியில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிடுகிறவனுக்கு முதலில் படுவது முகத்தின் சூடு. ரஃபேலின் காஸ்திலியோனே நிதானம் தவறாத மனிதர். ரூபென்ஸின் பலகையில் அதே மனிதரின் கன்னத்தில் ரத்தம் ஓடுகிறது. லூவர் படத்தில் கீழ்விளிம்பில் வெட்டுப்படும் கைகள் பதினேழாம் நூற்றாண்டுப் பிரதிகளில் முழுதாக இருக்கின்றன. மூலம் பின்னால் கத்தரிக்கப்பட்டதா, பிரதி செய்தவர்கள் கைகளை முடித்துக்கொடுத்தார்களா என்று இதை வைத்து ஒரு விவாதமே நடந்திருக்கிறது. ரூபென்ஸ் ரஃபேலை மீறத் திட்டம் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. அந்த முகத்தைத் தனக்குத் தெரிந்த வரிசையில், தன் அடிப்பூச்சிலிருந்து தொடங்கிக் கட்டினார். வரிசை வேறாக இருந்ததால் மனிதரும் கொஞ்சம் வேறானார்.

பிரதி செய்வது மாணவப் பருவத்தோடு தீர்ந்துபோகிற விஷயம் என்பவர்களுக்கு ஒரு தகவல். 1628இல் மாட்ரிடுக்குப் போனபோது ரூபென்ஸுக்கு வயது 51. ஐரோப்பாவில் அவருக்கு இணையான புகழ் வேறு ஓவியருக்கு இல்லை. போனது ராஜதந்திர வேலையாக. போன இடத்தில் ஸ்பெயின் அரசரின் சேகரிப்பிலிருந்த டிஷியன் படங்களை எதிரில் வைத்துப் பிரதி செய்துகொண்டிருந்தார். டிஷியனின் ‘ஆதாமும் ஏவாளும்’, அதற்கு ரூபென்ஸ் செய்த பிரதி, இரண்டும் இன்று பிராடோ மியூசியத்தில் இருக்கின்றன. பிரதியில் மூலத்தில் இல்லாத ஒரு கிளி உட்கார்ந்திருக்கிறது.

காஸ்திலியோனேக்குத் திரும்புவோம். 1639 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் லூகாஸ் வான் உஃபெலன் என்ற வியாபாரியின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அதில் ரஃபேலின் இந்தப் படமும் இருந்தது. ஏலத்துக்குப் போயிருந்த ரெம்ப்ராண்ட் அதைப் பேனாவில் வேகமாகக் கிறுக்கிக்கொண்டார். அந்தத் தாள் வியன்னாவில் ஆல்பெர்ட்டினா சேகரிப்பில் இருக்கிறது. கிறுக்கலின் பக்கத்தில் தன் கையால் குறித்து வைத்திருக்கிறார்: ரஃபேலின் காஸ்திலியோனே 3,500 கில்டருக்குப் போயிற்று, மொத்தச் சேகரிப்பு 59,456. கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த இரண்டு எண்களும் ஓவியத்தைப்போலவே சுவாரஸ்யமானவை. அதே ஜனவரியில்தான் அவர் 13,000 கில்டருக்கு ஒரு வீட்டை ஒப்பந்தம் செய்திருந்தார். கிட்டத்தட்ட கால் வீடு விலைக்கு ஒரு முகம் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டே வரைந்த கோடுகள் அவை.

அந்தக் கிறுக்கலில் தொப்பி ரஃபேலில் இருப்பதைவிட அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. அதே வருஷம் ரெம்ப்ராண்ட் செப்புத் தகட்டில் தன் உருவத்தைச் செதுக்கினார், சாய்ந்த தொப்பியும் கட்டைச்சுவரில் ஊன்றிய கையுமாக. 1640இல் அதைத் தைலவண்ணத்தில் செய்தார். லண்டன் நேஷனல் காலரியில் இருக்கும் ‘34 வயதில் சுயசித்திரம்’ அதுதான். ஊன்றிய கையும் சட்டைக்கையும் டிஷியனின் இன்னொரு முகச்சித்திரத்திலிருந்து வந்தவை. ரஃபேலை ஏலத்தில் எடுத்த அல்ஃபோன்ஸோ லோப்பஸிடம்தான் அந்த டிஷியனும் இருந்தது. இரண்டு இத்தாலியர்களும் அந்தச் சுயசித்திரத்தில் இருக்கிறார்கள். முகம் மட்டும் ஆலைக்காரர் மகன் ஒருவனுடையது.

இங்கேதான் நம் இளைஞர்கள் குறுக்குவழி ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ரூபென்ஸைப்போல உட்கார்ந்து படலம் படலமாகப் பூசுவானேன். ரெம்ப்ராண்டைப்போல ஐந்து நிமிஷம் கிறுக்கிக்கொண்டு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனால் போதாதா? தனித்துவமும் கெடாது. இந்த வாதத்துக்கு ரெம்ப்ராண்டிடமே பதில் இருக்கிறது. அவருடைய ஆசிரியர் பீட்டர் லாஸ்ட்மன் 1622இல் பிலேயாமும் கழுதையும் என்ற விவிலியக் கதையை அகலவாட்டில் வரைந்தார். 1626இல் இருபது வயது ரெம்ப்ராண்ட் அதே காட்சியை எடுத்துக்கொண்டு உயரவாட்டில் மாற்றி வரைந்தார். அகலத்தில் பரந்து கிடந்த உருவங்களை உயரத்துக்குள் கொண்டுவரும்போது யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் போவது என்று ஒவ்வொன்றையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்திருக்கும். இந்த மாதிரிப் பயிற்சியெல்லாம் கழிந்து பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்தது அந்த ஏலக்கூடத்து ஐந்து நிமிஷம். அத்தனை வருஷமும் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் இருக்கிறது.

அளவு மாற்றுவது என்றதும் லூவரில் உள்ள ஒரு விதி நினைவுக்கு வருகிறது. 1793இல் பொதுமக்களுக்குத் திறந்த காலம் தொட்டே அங்கே ஓவியர்கள் பிரதி செய்ய அனுமதி உண்டு. மானே, தெகா, செஸான், மாத்தீஸ் எல்லோரும் அங்கே நின்று வரைந்தவர்கள்தான். நவீன ஓவியம் பிரதி செய்தவர்களின் கையிலிருந்தே வந்தது என்பதை நம் தனித்துவவாதிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அங்கே பிரதி மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. போலிகளைத் தடுக்க ஏற்பட்ட நிர்வாக விதி இது. ஆனால் எந்த ஓவியப் பள்ளியின் பாடத்திட்டத்தையும்விட இதில் அதிகப் புத்தி இருக்கிறது. அளவு மாறினால் வைத்து இழைக்க முடியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை அப்படியே எடுத்துவைக்க முடியாது. விகிதத்தை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும், தூரிகையின் அகலத்தைக்கூட மாற்ற வேண்டும். தீர்மானங்களைத் திரும்ப எடுக்காமல் தப்பிக்க வழியில்லை.

வங்கியில் கையெழுத்துகளை ஒப்பிடுவது என் உத்தியோகத்தின் ஒரு பகுதி. முன்பு மாதிரிக் கையெழுத்து அட்டையோடு, இப்போது திரையில். ஒரே ஆள் போட்ட இரண்டு அசல் கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அச்சாகப் பொருந்தாது. அச்சாகப் பொருந்தினால்தான் மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும். இழைத்துப் போட்ட கையெழுத்தில் வடிவம் முழுவதும் இருக்கும், வேகம் இருக்காது. கோடு லேசாக நடுங்கும். அசலில் பேனா பறந்து போகிற இடத்தில் நின்று யோசித்திருக்கும், அங்கே ஒரு பொட்டு மை தங்கியிருக்கும். போலி என்பது சாயல் குறைந்தது அல்ல. சாயல் மட்டுமே உள்ளது. முகச்சித்திரப் பிரதிக்கும் இதே அளவுகோல் போதும் என்று நினைக்கிறேன்.

மூலத்தின் அருகிலேயே போக முடியாத நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நமக்கு இந்தப் படங்கள் அச்சுப் பிரதிகளாகவே வந்தன. இன்று செல்பேசித் திரையில் இரண்டு விரல்களை அகட்டினால் ரஃபேலின் வெடிப்புகளைக்கூட எண்ணலாம். ஆனால் படலத்தின் தடிமனைத் திரை சொல்வதில்லை. பழைய வார்னிஷ் மஞ்சளாகிப்போனதைச் சேர்த்தே நாம் ஓவியரின் நிறம் என்று எடுத்துக்கொள்கிறோம். நம்முடைய வெள்ளையே வேறு. அவர்கள் உபயோகித்தது ஈய வெள்ளை. நம் கடைகளில் கிடைப்பது போன நூற்றாண்டில் வந்த டைட்டேனியம் வெள்ளை. அடியில் இருப்பதை அதைவிட அதிகமாக மூடிவிடும், மெல்லியதாக இழுத்தாலும் அந்தக் குளிர்ச்சி அதேபோல் வராது.

இந்தப் பற்றாக்குறை புதிதல்ல. ரவி வர்மாவைத் திட்டுவது நம் வட்டத்தில் ஒரு சடங்காகிவிட்டது. அவர் தைலவண்ணம் கற்றுக்கொண்ட நிலைமையை யாரும் யோசிப்பதில்லை. அரண்மனை ஓவியர் சொல்லித்தர மறுத்ததாக அவருடைய வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் திருவனந்தபுரத்துக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்றுத்தரவில்லை. தான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் விட்டாராம். லூவரில் நிற்கும் மாணவனின் நிலைமைக்கு இது நேர்மாறு. அவனுக்கு முடிந்த படம் எதிரில் இருக்கிறது, கை இல்லை. இவருக்குக் கை எதிரில் இருந்தது. வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஆனால் யாரிடமிருந்து கற்பது என்று தேர்ந்துகொள்ள முடியவில்லை. லூவர் மாணவன் மூன்று நான்கு நூற்றாண்டுகளில் எவரை வேண்டுமானாலும் தன் ஆசிரியராக்கிக்கொள்ளலாம். இவருக்குக் கப்பலில் யார் வந்து இறங்கினார்களோ அவர்தான். நுட்பத்தோடு சேர்ந்து அந்தக் காலத்து ஐரோப்பிய வரவேற்பறை ரசனையும் உள்ளே வந்துவிட்டது. ரவி வர்மாவின் குறை பிரதி செய்தது அல்ல. பிரதி செய்வதற்குப் போதுமான மூலங்கள் அவர் முன் இல்லை என்பதுதான்.

எழுதுகிறவர்களான நமக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அச்சான கவிதையில் படலங்கள் இல்லை. முதலில் வந்த வரி எது, பின்னால் திணித்தது எது என்று தாளைச் சாய்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கையால் எழுதி நகல் எடுத்தால் சொற்கள்தான் திரும்ப வரும். லூவர் விதிக்கு நம்மிடம் உள்ள ஒரே ஈடு மொழிபெயர்ப்பு. அங்கேதான் அளவு மாறிவிடுகிறது, இழைக்க முடிவதில்லை, ஒவ்வொரு தீர்மானத்தையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பை இரண்டாந்தர வேலை என்று ஒதுக்குகிற அதே வாய்கள்தான் பிரதி செய்கிற ஓவியனைப் பார்த்தும் சிரிக்கின்றன. இது தற்செயல் இல்லை.

முகச்சித்திரம் கற்க நினைக்கிற ஒருவர் கேட்டால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பத்துப் பேரைப் பிரதி செய்ய வேண்டாம். ஒரு முகம். கிடைப்பதிலேயே நல்ல அச்சு. அச்சின் அளவில் வேண்டாம், மூலத்தின் அளவிலும் வேண்டாம். முதல் நாள் நிறத்தைத் தொடாமல், எது முதலில் பூசப்பட்டிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஊகம்தான், இருக்கட்டும். ஒவ்வொரு படலமும் இறுகும்வரை காத்திருங்கள். அந்த நாட்களில் அந்த முகத்தைப் பாருங்கள். சாயல் வந்துவிட்டது என்று நண்பர்கள் பாராட்டினால் பொருட்படுத்த வேண்டாம். நெற்றிப்பொட்டில் அந்தச் சாம்பல், கலக்காமல், தானாக வந்ததா என்று மட்டும் பாருங்கள். வந்துவிட்டால் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, வீட்டில் உள்ள யாரையாவது வெளிச்சத்தில் உட்காரச் சொல்லுங்கள்.